பட்டு நூலும் கங்காரு வாலும்

பெரணமல்லூர், ஆரணி, தேவிகாபுரம் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்குப் பட்டு என்றால் பாவு, ஊடை, ஜரிகை, கூலி, முகூர்த்த சீசன். அதற்கு மேல் யோசிக்க நேரமும் இருப்பதில்லை. ஆனால் மருத்துவத்தின் வரலாற்றைப் படித்துக்கொண்டு போனால், பட்டு இரண்டு இடங்களில் குறுக்கே வருகிறது. ஒன்று, 1865-ல் பிரான்சின் தெற்குப் பகுதியில், பட்டுப்புழு வளர்த்த ஊர்களில். இன்னொன்று, சென்ற நூற்றாண்டில், துணி நூல்களை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த ஆய்வுக்கூடங்களில். அந்த இரண்டாவது கதை சென்னைக்கு வந்து சேர்கிறது. அதன் நாயகர் ஜி.என். ராமச்சந்திரன். சி.டி. ஸ்கேன் எடுத்துக்கொண்ட நம்மில் பலருக்கும் அவர் பெயர் தெரியாது. இன்றைய கட்டுரை பெரும்பாலும் அவரைப் பற்றியதுதான். முதல் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அவரிடம் வருகிறேன்.

மிளகு நோய்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் போன்றவர்களுக்கு லூயி பாஸ்தேர் பள்ளிக்கூடத்திலேயே அறிமுகமானவர். நாம் பாஸ்டர் என்கிறோமே, அவரேதான். நாய்க்கடிக்குத் தடுப்பு மருந்து கண்டவர். பாலைப் பதப்படுத்தும் முறைக்கு இன்றும் அவர் பெயர்தான். ஆனால் அவர் வாழ்க்கையில் ஐந்தாண்டுக் காலம் பட்டுப்புழுவோடு கழிந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

1860-களில் பிரான்சில் பட்டுத் தொழில் நொடித்துப் போனது. புழுக்களின் உடம்பில் மிளகு தூவினாற்போல் கரும்புள்ளிகள் தோன்றும். கூடு கட்டாமலே செத்துப்போகும். அந்தப் பகுதி மக்கள் பேச்சில் மிளகுக்கு உள்ள சொல்லை வைத்தே நோய்க்கு 'பெப்ரீன்' என்று பெயர் வந்தது. பாஸ்தேரின் பழைய பேராசிரியர் துய்மா அந்தச் சீமையைச் சேர்ந்தவர். அவர்தான் வற்புறுத்தி இவரை அனுப்பினார். பாஸ்தேர் ரசாயனம் படித்தவர். பட்டுப்புழுவைக் கையால் தொட்டதுகூடக் கிடையாது. போகும் வழியில் பூச்சிகளை ஆராய்ந்த ஃபாப்ர் என்பவரைப் பார்க்கப் போனாராம். ஒரு பட்டுக்கூட்டைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே ஏதோ இருக்கிறதே என்று வியந்தாராம். ஃபாப்ர் இதை எழுதி வைத்திருக்கிறார். கூட்டுக்குள் புழு இருக்கும் என்று நம் பக்கத்துச் சிறு பிள்ளைக்கும் தெரியும்!

அப்படிப்பட்டவர் அலெஸ் என்ற ஊரில் முகாம் போட்டு, மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு பருவந்தோறும் உழைத்தார். அந்த நாட்களிலேதான் 1865-ல் தந்தையையும் இரண்டு வயதுப் பெண் குழந்தையையும் இழந்தார். அடுத்த ஆண்டு இன்னொரு மகள் டைபாய்டில் போனாள். 1868-ல் அவருக்கே பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அப்படியும் வேலையை விடவில்லை. நோய்க்குக் காரணம் மைக்ராஸ்கோப்பில் மட்டுமே தெரியும் ஒரு நுண்ணிய உயிர். அது தாய் அந்துப்பூச்சியிலிருந்து முட்டைக்குப் போகிறது. இலை வழியாகப் புழுவிலிருந்து புழுவுக்கும் தொற்றுகிறது என்று தெளிவாயிற்று. வழியும் சொன்னார்: முட்டையிட்ட பிறகு தாய்ப்பூச்சியை நசுக்கித் தண்ணீரில் கரைத்து மைக்ராஸ்கோப்பில் பார், அந்த நுண்துகள் தெரிந்தால் முட்டைகளை அழித்துவிடு. 1870-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். இன்றைக்கும் நம் நாட்டில் பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் நிலையங்களில் தாய்ப்பூச்சியை இப்படித்தான் சோதிக்கிறார்கள்.

புழுவிடம் படித்த பாடம் மனிதருக்கும் உதவியது. ஒரு நோய்க்கு ஒரு குறிப்பிட்ட நுண்ணுயிர் காரணம் என்ற எண்ணம் அவருக்குள் உறுதிப்பட்டதில் அந்த ஐந்தாண்டுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1885-ல் நாய்க்கடித் தடுப்பு மருந்து வந்தது. 1907-ல் நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நாம் சிறுவயதில் நடுங்கினோமே, அந்த மருந்தின் வேர் ஒரு வகையில் பட்டுப்புழுவிலும் இருக்கிறது.

பாஸ்தேர் ஒரு பயனைத் தேடிப் போனார். போன இடத்தில் உயிரியலின் அடிப்படை ஒன்று கிடைத்தது. ராமச்சந்திரன் வந்த வழி இதற்கு நேர் எதிர். அவர் எந்தப் பயனையும் தேடவில்லை.

நூலுக்குள் என்ன இருக்கிறது?

மெல்லிய பட்டுத் துணியைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு தூரத்துத் தெருவிளக்கைப் பாருங்கள். விளக்கைச் சுற்றிச் சிலுவை போலப் புள்ளிகள் ஒளிரும். துணியின் இழைகள் ஒழுங்கான இடைவெளியில் இருப்பதால் வெளிச்சம் அப்படிச் சிதறுகிறது. அந்தப் புள்ளிகளை அளந்தால் இழைகளின் இடைவெளியைக் கணக்கிட்டுவிடலாம். வெளிச்சத்துக்குப் பதில் எக்ஸ்ரே, துணிக்குப் பதில் ஒரே ஒரு நூல் என்று வைத்துக்கொண்டால், நூலுக்குள் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் கணக்கிடலாம். இதுதான் அந்த ஆய்வு முறையின் சாரம்.

இங்கிலாந்தில் லீட்ஸ் கம்பளி நெசவுக்குப் பேர்போன நகரம். அங்கே பல்கலைக்கழகத்தில் நெசவு இயற்பியல் கற்பித்த வில்லியம் ஆஸ்ட்பரி 1930-களில் கம்பளி, முடி, பட்டு என்று எல்லாவற்றையும் எக்ஸ்ரே படம் எடுத்தார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஃப்ளோரன்ஸ் பெல் என்ற இளம்பெண் டி.என்.ஏ. இழையையும் படம் எடுத்தார். பிற்பாடு உலகப் புகழ்பெற்ற டி.என்.ஏ. ஆராய்ச்சிக்கு நெசவுத் தொழிலும் ஒரு தாய்வீடு என்பதை நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

பட்டு, கம்பளி, முடி, தோல், தசை எல்லாமே புரதம். புரதம் என்பது அமினோ அமிலம் என்னும் மணிகளைக் கோத்த நீண்ட சரம். மணிகளில் இருபது வகை உண்டு. பட்டில் கிட்டத்தட்டப் பாதி மணிகள் கிளைசின் என்ற மிகச் சிறிய மணி. அதனால் சரங்கள் நெருக்கமாக, நீட்டி விட்டாற்போல ஒன்றன் பக்கத்தில் ஒன்று படிகின்றன. பட்டு நூல் அவ்வளவு மெல்லியதாக இருந்தும் சட்டென்று அறுந்துபோகாததற்குக் காரணம் இதுதான். கம்பளியில் சரம் ஸ்பிரிங் போலச் சுருண்டிருக்கிறது. அதனால் இழுத்தால் நீள்கிறது.

ஒரு மருத்துவர் தேர்ந்தெடுத்த இயற்பியலாளர்

ராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8-ஆம் தேதி எர்ணாகுளத்தில் பிறந்தார். பூர்விகம் திருநெல்வேலிப் பக்கத்துக் கோபாலசமுத்திரம். தந்தை கணிதப் பேராசிரியர். திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்து, பிறகு கேம்பிரிட்ஜ் போய் இன்னொரு பட்டமும் வாங்கித் திரும்பினார்.

1952-ல் சென்னைப் பல்கலைக்கழகம் இயற்பியல் துறைக்கு ஒரு பேராசிரியரைத் தேடியது. அப்போது துணைவேந்தர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார். அவர் இயற்பியல் படித்தவர் அல்ல, மகப்பேறு மருத்துவர். சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அவர் எழுதிய மகப்பேறு மருத்துவ நூலைத் தலைமுறை தலைமுறையாக மருத்துவ மாணவர்கள் படித்திருக்கிறார்கள். ராமனின் பரிந்துரையை ஏற்று, முப்பது வயது இளைஞரான ராமச்சந்திரனிடம் துறையையே ஒப்படைத்தார். கருவிகள் வாங்கவும் ஆட்களைச் சேர்க்கவும் துணை நின்றார். இதனால் நோயாளிகளுக்கு என்ன லாபம் என்று கணக்குக் கேட்டிருந்தால், அந்த இளைஞரிடம் பதில் இருந்திருக்காது.

அந்தச் சமயத்தில் ஆங்கிலேய விஞ்ஞானி பெர்னால் சென்னைக்கு வந்தார். பேச்சுவாக்கில், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்றார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார்.

கொலாஜன் என்றால் என்னவோ என்று நினைக்க வேண்டாம். நம் உடம்பிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதுதான். தோல், எலும்பு, தசைநாண், பல், ரத்தக்குழாய்ச் சுவர் எல்லாவற்றையும் கட்டிப் பிடித்திருப்பது அது. ஆட்டுக்கால் சூப் ஆறினால் கட்டியாக உறைகிறதே, அது கரைந்துபோன கொலாஜன். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் பதனிடுகிற தோலும் கொலாஜன்தான். கிண்டி வளாகத்துக்குப் பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அமைந்ததும் நல்ல பொருத்தம்.

எக்ஸ்ரே படம் தெளிவாக விழ வேண்டுமானால் கலப்பில்லாத, நேராக ஓடும் கொலாஜன் நார் வேண்டும். அதற்கு ஏற்றது கங்காருவின் வால் தசைநாண். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைக்கப்பட்டது.

கோப்பிலேயே வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் எனக்கு இங்கே ஒரு கற்பனை ஓடும். இப்படி ஒரு கோப்பு என் மேஜைக்கு வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? "பொருள்: வெளிநாட்டிலிருந்து கங்காரு வால் வரவழைத்தல். நோக்கம்: அதன் உள்ளமைப்பை அறிதல். பொதுமக்களுக்கு உண்டாகும் பயன்:" என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது? நேர்மையாக எழுதினால் "தற்போது ஏதுமில்லை" என்றுதான் எழுத வேண்டும். அப்படி எழுதிய கோப்பு மேலே போய்க் கையெழுத்தாகித் திரும்பி வருவது எவ்வளவு அபூர்வம் என்பது, குறிப்பு எழுதிப் பழகியவர்களுக்குத் தெரியும்.

மூன்றிழை முறுக்கு

ராமச்சந்திரனும் அவருடன் வேலை பார்த்த கோபிநாத் கர்த்தாவும் படங்களை அளந்தார்கள். மாதிரிகள் செய்து பார்த்தார்கள். கொலாஜன் சரத்தில் மூன்று மணிக்கு ஒரு மணி கிளைசின் என்பது முன்பே தெரிந்த விஷயம். ஏன் மூன்றுக்கு ஒன்று? 1954-ல் 'நேச்சர்' இதழில் விடை சொன்னார்கள்: கொலாஜன் என்பது மூன்று சரங்கள் சேர்ந்தது. 1955-ல் அதைத் திருத்தி, அந்த மூன்று சரங்களும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்றார்கள். முறுக்கின் நடுவில் இடம் மிகக் குறைவு. அங்கே வந்து உட்கார மிகச் சிறிய மணியால்தான் முடியும். ஒவ்வொரு மூன்றாவது மணியும் நடுப்பக்கம் திரும்புவதால், அந்த இடத்தில் கிளைசின் இருந்தே ஆக வேண்டும்.

இதில் தறிக்காரர்கள் ரசிக்கக்கூடிய ஒரு நுணுக்கம் உண்டு. பாவுக்கு நூல் முறுக்கும்போது தனி இழையை ஒரு பக்கமாக முறுக்குவார்கள். பிறகு இழைகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குவார்கள். இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் நூல் பிரியாது. கயிறு திரிப்பதும் அப்படித்தான். கொலாஜனிலும் ஒவ்வொரு சரமும் இடப்பக்கம் சுருண்டிருக்கிறது. மூன்றும் சேர்ந்து வலப்பக்கம் முறுக்கிக்கொண்டிருக்கின்றன. நூல் முறுக்கும் கூடத்துச் சூத்திரம் நம் எலும்புக்குள்ளேயே இருக்கிறது!

இந்தக் கண்டுபிடிப்புக்கு உடனே மாலை விழவில்லை. டி.என்.ஏ. புகழ் ஃபிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச் என்பவரோடு சேர்ந்து மறுப்பு எழுதினார். மூன்றிழை முறுக்கு சரி. ஆனால் ராமச்சந்திரன் மாதிரியில் சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவு நெருங்கி நிற்கின்றன என்பது அவர்கள் வாதம். அவர்கள் சொன்ன திருத்தமும் சேர்ந்துதான் இன்றைய கொலாஜன் படம். சென்னை மாதிரியின் முதுகெலும்பு நின்றது. உள் விவரம் மாறியது.

வேறொருவராக இருந்தால் அதோடு மனம் கசந்து வேறு வேலைக்குப் போயிருப்பார். ராமச்சந்திரன் எதிராளியின் கேள்வியையே எடுத்துக்கொண்டார். அணுக்கள் அதிகம் நெருங்கிவிட்டன என்கிறீர்களே, எவ்வளவு நெருங்கலாம்? அதற்கு யார் அளவு வைத்திருக்கிறார்கள்?

யாரிடமும் முறையான அளவு இல்லை. உலகம் முழுவதும் அதுவரை வெளிவந்திருந்த படிக அமைப்புகளைத் தேடி, எந்த அணுவும் எந்த அணுவும் எவ்வளவு கிட்டத்தில் நின்றிருக்கின்றன என்று அவரும் மாணவர்களும் தொகுத்தார்கள்.

1963: ஒரு சதுரக் கட்டம்

நம் முழங்கை முன்பக்கம் மடங்கும், பின்பக்கம் மடங்காது. எலும்பு இடிக்கும். புரதச் சரத்திலும் ஒவ்வொரு மணிக்கும் இரண்டு பக்கமும் திரும்பக்கூடிய மூட்டு உண்டு. அந்த இரண்டு மூட்டுகளையும் எல்லாக் கோணத்திலும் திருப்பிப் பார்த்தால், எந்தக் கோணத்தில் அணுக்கள் இடிக்கும், எதில் இடிக்காது? கிண்டியில் ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் இதைக் கணக்கிட்டார்கள். இன்றைய கம்ப்யூட்டர் வசதி கிடையாது. மேஜை மீது வைக்கும் கணக்குப் பொறிதான். ஒவ்வொரு கோணத்துக்கும் தூரங்களைக் கணக்கிட்டு, சதுரக் கட்டத்தில் குறித்தார்கள். கட்டத்தில் கால் பங்குக்கும் குறைவான இடம்தான் புரதத்துக்கு அனுமதிக்கப்பட்டது என்று வந்தது. மற்ற இடமெல்லாம் இடிக்கும். 1963-ல் ஐந்தே பக்கக் கட்டுரையாக இது வெளிவந்தது.

இன்று உலகம் இதை 'ராமச்சந்திரன் வரைபடம்' என்று அழைக்கிறது. எந்த நாட்டு உயிர்வேதியியல் பாடப்புத்தகத்திலும் அது இருக்கும். நம் பட்டு அந்தக் கட்டத்தின் மேல் இடது மூலையில் இருக்கிறது; கொலாஜனும் அதே மூலையில், பக்கத்து வீட்டுக்காரர் போல. தலைமுடி இடப்பக்கமே சற்றுக் கீழே.

அதன் வேலை என்ன? நான் புரிந்துகொண்டபடி அது ஒரு தணிக்கை அதிகாரி. யாராவது ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தால், அதன் ஒவ்வொரு மணியையும் அந்தக் கட்டத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். அனுமதியில்லாத இடத்தில் நிறைய மணிகள் விழுந்தால், எங்கேயோ தப்பு, மறுபடி பார் என்று தணிக்கைத் தடை விழும். உலகப் புரத வங்கியில் இன்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் சேர்ந்திருக்கின்றன. 1963-ல் விவரமாகத் தெரிந்த புரதங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. சரிபார்க்க அதிகம் இல்லாத காலத்திலேயே சரிபார்க்கும் அளவுகோல் சென்னையில் தயாராகிவிட்டது.

மருத்துவருக்குக் கிடைத்தது

இனி, காலியாக விட்ட அந்தக் கட்டத்தை நிரப்பிப் பார்க்கலாம்.

முதலில் ஸ்கர்வி. மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகளுக்கு ஈறில் ரத்தம் வடியும்; ஆறிய பழைய காயம்கூடத் திறந்துகொள்ளும். எலுமிச்சை, ஆரஞ்சு கொடுத்தால் குணமாகும் என்று ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 1747-லேயே சோதித்துக் காட்டினார். ஏன் என்று அப்போது தெரியாது. கொலாஜன் முறுக்கு உடல் சூட்டில் பிரியாமல் நிற்க, அதன் சில மணிகளில் ஒரு சிறு மாற்றம் நடக்க வேண்டும். அந்த மாற்றத்துக்கு வைட்டமின் சி வேண்டும். அது இல்லாவிட்டால் முறுக்கு தளர்கிறது. ஈறும் தளர்கிறது.

அடுத்து, எலும்பு நொறுங்கும் நோய். சில குழந்தைகளுக்குத் தூக்கினால் எலும்பு முறியும்; தும்மினால்கூட முறியும். நம் பக்கத்தில் இதைப் பூர்வ ஜென்மப் பாவம் என்றார்கள். மேல்நாடுகளில் பெற்றோர் அடித்திருப்பார்கள் என்று சந்தேகப்பட்டதும் உண்டு. இன்று காரணம் தெரியும். கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகள் பலருக்குக் கொலாஜன் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் நடுவில் உட்கார வேண்டிய கிளைசினுக்குப் பதில் பெரிய மணி ஒன்று வந்துவிடுகிறது. இடமில்லாத இடத்தில் பெரியது புகுந்தால் முறுக்கு கெடத்தானே செய்யும்? 1954-ல் கங்காரு வாலில் கேட்ட 'ஏன் மூன்றுக்கு ஒன்று' என்ற கேள்வியின் விடைதான் இது. முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் பரிசோதனை இருக்கிறது. அந்தத் தாயிடம் "உன் மேல் குற்றம் இல்லையம்மா" என்று மருத்துவர் ஆதாரத்தோடு சொல்ல முடிகிறது. அது சின்ன விஷயமா?

மூன்றாவது, மருந்து வடிவமைப்பு. நம் நாட்டில் எச்.ஐ.வி. இருப்பதை 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் கண்டறிந்தபோது, அதற்கு மருந்தே கிடையாது. 1989-ல் அந்த வைரஸின் ஒரு முக்கியப் புரதத்தின் அமைப்பு தெரிந்தது. பூட்டின் வடிவம் தெரிந்தபின் சாவி வெட்டுவதுபோல, அதன் பள்ளத்தில் போய் அடைக்கும் மருந்துகளைச் செய்தார்கள். 1995 முதல் அவை வந்தன. வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது சாவுகள் வெகுவாகக் குறைந்தன.

கொரோனா காலத்தில் அந்த வைரஸின் முள் போன்ற புரதம் நிலையில்லாமல் வடிவம் மாறிக்கொண்டிருந்தது. புரோலின் என்ற மணி எளிதில் வளையாது. கொலாஜனுக்கு விறைப்பு கொடுப்பதும் அதுவே. முள்ளில் இரண்டு இடத்தில் புரோலினை வைத்து வடிவத்தைப் பிடித்து நிறுத்தினார்கள். ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகளில் இந்த உத்தி இருக்கிறது. நமக்கு இங்கே போட்ட கோவிஷீல்டிலும் கோவாக்சினிலும் இது இல்லை. அவை வேறு வழியில் செய்யப்பட்டவை.

கடைசியாக, ஸ்கேன். பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே நிழல்களைச் சேர்த்து உள்ளிருக்கும் உருவத்தைத் திரும்பக் கட்டுவது எப்படி? 1971-ல் ராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் அதுவரை இருந்ததைவிட விரைவாகச் செய்யக்கூடிய ஒரு கணக்கு முறையை வெளியிட்டார்கள். வானொலி அலைகளால் வானத்தை ஆராய்ந்தவர்களும் அதற்குச் சற்று முன் இதே போன்ற வழியைக் கண்டிருந்தார்கள். அதே 1971 அக்டோபரில் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டு முதல் நோயாளியைச் சி.டி. ஸ்கேன் எடுத்தார். முதல் கருவி வேறு கணக்கில் ஓடியது. பிறகு வந்த கருவிகள் பல்லாண்டுகள் இந்த வகைக் கணக்கிலேயே ஓடின. 'ராம்-லாக்' என்று இருவர் பெயரின் முன்பாதியும் அந்தக் கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1979-ன் நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் போனது. தலையில் அடிபட்டு வேலூருக்கோ சென்னைக்கோ ஓடுகிற நம் ஊர்க்காரருக்கு, கட்டி எங்கே, ரத்தக்கசிவு எங்கே என்று சில நிமிடங்களில் தெரிகிறதென்றால், அதில் இந்த இரண்டு பேருக்கும் பங்கு உண்டு.

"இதுக்கு அஞ்சு வருஷமா சார்?"

போன தை மாதம் நம் ஊர்த் தறிக்காரர் ஒருவர் என்னிடம் மனக்குறையோடு பேசினார். மகள் எம்.எஸ்சி. முடித்துச் சென்னையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருக்கிறாள். "பாப்பா அங்க என்னா பண்ணுதுன்னு கேட்டா, புரதம் எப்படி மடங்குதுன்னு பாக்கறேன்னு சொல்லுது சார். மருந்து கண்டுபுடிக்குதான்னா அதுவும் இல்லையாம். இதுக்கு அஞ்சு வருஷமா சார்? கூட படிச்சதுங்க எல்லாம் சம்பளம் வாங்குதுங்க."

அவர் கேட்டதில் தப்பில்லை. ஒரு நாள் தறி நின்றால் ஒரு நாள் கூலி போகிற வீடு அது. அவரிடம் முறுக்கு நூல் கதையைச் சொன்னேன். இரண்டு பக்கமும் முறுக்கிய பாவு ஏன் பிரியாது என்று அவருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். எலும்புக்குள்ளும் அதே முறுக்குதான், அதைக் கண்டதும் சென்னைக்காரர்தான் என்றதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அது கண்டுபுடிச்சி மருந்துக்கு வர எத்தினி வருஷம் ஆச்சி சார்?" என்றார். முப்பது, நாற்பது ஆச்சு என்றேன். "அதுவரைக்கும் யாரு சார் சோறு போட்டது?"

சரியான கேள்வி அதுதான். பல்கலைக்கழகம் போட்டது, அரசாங்கம் போட்டது, நம் வரிப்பணம் போட்டது. முப்பது ஆண்டு கழித்து விளையும் பயிருக்குத் தனியார் கம்பெனி எருப் போடாது. அதற்கு லாப நஷ்டக் கணக்கு ஆண்டுதோறும் முடிய வேண்டும். இத்தகைய ஆராய்ச்சிக்கு அரசாங்கத்தை விட்டால் வேறு ஆள் பெரும்பாலும் கிடையாது. ஆனால் நம் நாட்டின் மொத்த உற்பத்தியில் எல்லா வகை ஆராய்ச்சிக்கும் சேர்த்துச் செலவிடும் பங்கு ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. அதிலும் உடனே பயன் தெரியாத ஆராய்ச்சிக்குப் போவது இன்னும் குறைவு. அந்தப் பெண்ணைப் போன்றவர்களுக்கு உதவித்தொகை மாதாமாதம் தவறாமல் வந்தால்தான், அந்தத் தகப்பனாருக்கு நாம் சொல்லும் பதிலுக்கு மதிப்பு.

நிழல் தந்த மரம்

லட்சுமணசாமி முதலியார் 1942-லிருந்து 1969 வரை, இருபத்தேழு ஆண்டுகள் துணைவேந்தராக இருந்தார். அவர் பதவி விட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் ராமச்சந்திரனும் சென்னையை விட்டுப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் போய்விட்டார். அங்கே மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையை உருவாக்கினார். சென்னையில் அவர் தொடங்கிய படிகவியல், உயிர் இயற்பியல் துறை கிண்டியில் இன்றும் நடக்கிறது. ஒரு நல்ல துறை ஒரு தனி மனிதரின் நிழலில் மட்டும் நிற்கக்கூடாது என்பதற்கும், அப்படி ஒரு மனிதராவது ஆரம்பத்தில் வேண்டும் என்பதற்கும் இதுவே சான்று.

ராமச்சந்திரனுக்கு 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் தகுதி கிடைத்தது. 1999-ல் படிகவியலுக்கான ஈவால்ட் பரிசு கிடைத்தது. நோபல் பரிசு வரவில்லை. கடைசி ஆண்டுகளில் பக்கவாதமும் பார்க்கின்சன் நோயும் வாட்டின. 2001 ஏப்ரல் 7-ஆம் தேதி சென்னையில் காலமானார்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போய், தசைக்குள் சக்தி எப்படிச் சேமிக்கப்படுகிறது என்ற ஆராய்ச்சியில் தொடங்கி, பிறகு புற்றுநோய் மருந்து வரை வழிகாட்டிய எல்லாப்பிரகடா சுப்பாராவ் என்று ஒருவர் உண்டு. அவரும் இதே வரிசையைச் சேர்ந்தவர்தான். அவரைப் பற்றி அடுத்த கட்டுரையில் விரிவாக எழுதுகிறேன்.